ஓரத்துல பட்டன் இருக்கே, அப்புறம் என்ன?

போடியில எந்த பஞ்சர் கடை வாசல்லயும் அரை மணி நேரம் நின்னா இந்த வசனத்தைக் கேட்டுடலாம். கடைக்காரர் பின் டயரைத் தட்டிக் காட்டி, "அண்ணே, நடுவுல சுத்தமா போயிருச்சு, மாத்திருங்க" என்பார். வண்டிக்காரர் குனிஞ்சு பார்த்துட்டு, "ஓரத்துல பட்டன் இருக்கேப்பா, இன்னும் ஆறு மாசம் ஓடும்" என்பார். அந்த ஆறு மாசத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். டயர்ல மிச்சம் பிடிக்கறது நல்ல விஷயம், தாராளமா பிடிங்க. ஆனா அந்த மிச்சத்தைப் புது டயர் போட்ட அன்னிக்கே பிடிக்க ஆரம்பிக்கணும். நம்ம ஊர்ல பெரும்பாலும் நடக்கறது தலைகீழ். முதல் ரெண்டு வருஷம் காத்து கூடப் பார்க்காம ஓட்டிட்டு, கடைசி ஆறு மாசம் மொட்டை டயரை இழுத்துப் பிடிச்சு மிச்சம் பண்றோம். சமவெளியில அது கஞ்சத்தனம். போடிமெட்டு ரோட்டுல அது உயிரோட விளையாட்டு.

(டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை. படிச்சது மெக்கானிக்கல், பொழைக்கறது சாப்ட்வேர். பஞ்சர் கடை அண்ணன்கிட்ட கேட்டது, காலேஜ்ல படிச்சதுல மறக்காம மிச்சம் இருக்கறது, வீட்டு வண்டி டயரைத் தடவித் தடவிப் பார்த்தது, எல்லாம் கலந்த கலவை இது.)

சரி, மேட்டருக்கு வருவோம்.

டயரும் ஒரு பலூன்தான்

எம்.ஆர்.எஃப். கம்பெனி 1946ல திருவொற்றியூர்ல பொம்மை பலூன் செஞ்சுதான் தொழிலை ஆரம்பிச்சது. டயர் அப்புறம் வந்தது. கேக்க காமெடியா இருக்கும், ஆனா டயரும் ஒரு பலூன்தான். உங்க எடையைத் தாங்கறது ரப்பர் இல்லை, உள்ள இருக்கற காத்து.

ஒரு சின்ன கணக்கு. 28 பி.எஸ்.ஐ. காத்துன்னா சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ அழுத்தம். பின் சக்கரத்து மேல 120 கிலோ இருக்குன்னு வைங்க. அதைத் தாங்க டயர் சுமார் 60 சதுர சென்டிமீட்டர் தரையைத் தொட்டாகணும். உள்ளங்கை அளவு கூடக் கிடையாது. வளைவு, பிரேக், மழை எல்லாத்தையும் பின் சக்கரம் அந்த உள்ளங்கையை வச்சுத்தான் சமாளிக்குது.

இப்ப பின்னால ஒருத்தர் ஏறி, அவர் மடியில ஒரு உர மூட்டையும் ஏறிடுச்சு. பின் சக்கரத்துல 220 கிலோ. காத்து அதே 28. தரையைத் தொடற இடம் 110 சதுர சென்டிமீட்டர் ஆகணும், அதுக்கு டயர் நசுங்கியாகணும். நசுங்கின டயர் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி மடங்கி நிமிருது, அதுல சூடேறுது, சூடான ரப்பர் சீக்கிரம் தேயுது. அதனாலதான் கம்பெனிக்காரன் ஒருத்தருக்கு ஒரு அளவு, ரெண்டு பேருக்கு ஒரு அளவுன்னு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பறான். சாதாரண 100 சிசி, 125 சிசி வண்டிகள்ல பெரும்பாலும் முன்னால 25, பின்னால ஒருத்தருக்கு 28 - 29, ரெண்டு பேருக்கு 32லேர்ந்து 40 வரைக்கும் போகும். வண்டிக்கு வண்டி மாறும். செயின் கவர்லயோ ஸ்விங் ஆர்ம்லயோ ஒட்டியிருப்பாங்க, இல்லாட்டி வண்டியோட வந்த புத்தகத்துல இருக்கும். அந்தப் புத்தகத்தைப் பிரிச்சுப் பார்த்தவங்க கை தூக்குங்க :-)

காத்து கூடினாலும் ஆபத்துதான். பந்து மாதிரி நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், நடு மட்டும் தேயும். "கல்லு மாதிரி அடிச்சா மைலேஜ் கொடுக்கும்"னு 45 அடிச்சுட்டுப் போறவங்க பெட்ரோல்ல பிடிச்சதை டயர்ல விடறாங்க.

நடுவுல மட்டும் ஏன் போகுது?

போடியிலேர்ந்து தேனி போற ரோடு, அங்கேர்ந்து ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, மதுரை. பெரும்பாலும் நேர் ரோடு. வண்டி நிமிர்ந்தே போகுது, டயரோட நடு ரெண்டு விரல் அகலம் மட்டுமே வேலை செய்யுது. கொஞ்ச நாள்ல உருண்டையா இருந்த டயர் நடுவுல தட்டையாயிடும். இதைத்தான் "சதுரமாயிருச்சு"ன்னு சொல்றாங்க.

நேர் ரோட்டுல இது தெரியவே தெரியாது. வளைவுல சாய்க்கும்போதுதான் தெரியும். தட்டையான இடத்துலேர்ந்து ஓரத்துக்குப் போகும்போது நடுவுல ஒரு விளிம்பு இருக்கு. வண்டி அந்த விளிம்பு வரைக்கும் சாய மாட்டேன்னு அடம் பிடிக்கும், தாண்டினதும் பொசுக்குன்னு விழும். மதுரையிலேர்ந்து, சென்னையிலேர்ந்து மூணாறு டிரிப் போறவங்க இதைக் கவனிக்கணும். நம்ம பதிவர்கள்ல பாதிப் பேர் எழுதின "மூணாறு பைக் பயணம்" பதிவுகளை நான் படிச்சிருக்கேன். ஜாக்கெட் படம் உண்டு, கையுறை படம் உண்டு, டீக்கடை பஜ்ஜி படம் உண்டு. பின் டயர் படம் ஒண்ணு கூடப் பார்த்ததில்லை. நானூறு ஐநூறு கிலோமீட்டர் நேர் ரோட்டுலயே தேஞ்ச டயரோட வந்து, முந்தல் தாண்டினதும் வண்டியைச் சாய்க்க ஆரம்பிக்கிறீங்க.

வலது பக்கம் ஏன் கூடத் தேயுது?

மலைக்குப் போய் வர்ற வண்டிகள்ல இன்னொரு வேடிக்கை. நிறைய டயர்ல வலது ஓரம் இடது ஓரத்தை விடக் கூடத் தேஞ்சிருக்கும். கேட்டா ஆளுக்கு ஒரு காரணம் சொல்வாங்க. "சைடு ஸ்டாண்டுல சாஞ்சே நிக்குதுல்ல, அதான்" என்பார் ஒருத்தர். நிக்கற டயர் தேயாதுண்ணே. அதுவும் சைடு ஸ்டாண்டு இடது பக்கம்.

ஏறும்போது வலது வளைவா இருக்கறது இறங்கும்போது இடது வளைவு. அதனால போயிட்டு வந்தா ரெண்டும் சமம்தானே? எண்ணிக்கை சமம், தூரம் சமம் இல்லை. நாம இடது பக்கம் ஓட்டறோம். வலது வளைவுல நாம வெளி வட்டம், இடது வளைவுல உள் வட்டம். ஒரு முழு கொண்டை ஊசியில ரெண்டு வட்டத்துக்கும் நடுவுல 3 மீட்டர் வித்தியாசம்னா, வெளி வட்டம் சுமார் 9 மீட்டர் நீளம் கூட. போடிமெட்டுப் பாதையில இருக்கற 17 கொண்டை ஊசிக்கும் சேர்த்தா ஒரு தடவை போய் வர 160 மீட்டர். இது கம்மிதான். இதை வச்சு மட்டும் டயர் ஒரு பக்கம் போயிடாது.

மிச்ச காரணம் ரெண்டு. ஒண்ணு வேகம். வெளி வட்டத்துல எதிர்ல வர்ற பஸ் தெரியுது, வட்டம் பெருசு, அதனால வேகமா சாய்ச்சு எடுக்கிறோம். உள் வட்டத்துல ஊர்ந்து போறோம். ரெண்டாவது ரோட்டோட வாட்டம். தண்ணி வடியறதுக்காக ரோடு நடுவுல மேடா, ஓரத்துல சரிவா இருக்கும். இடது பக்கம் ஓட்டற நமக்குத் தரை இடது பக்கம் சரியுது. வண்டி செங்குத்தா நிக்குது, அப்ப டயரோட வலது பாதி கொஞ்சம் கூடத் தரையில படுது. தேனி போற நேர் ரோட்டுல கூட இந்த வேலை சத்தமில்லாம நடந்துட்டே இருக்கு.

ஆக, வலது பக்கம் லேசா கூடத் தேஞ்சிருந்தா பயப்பட வேண்டாம். ரொம்ப வித்தியாசம் இருந்தாலோ, இடது பக்கம் மட்டும் தேஞ்சிருந்தாலோ வண்டியில ஏதோ கோளாறு. பின் சக்கரம் கோணலா இருக்கலாம். செயின் டைட் பண்ணும்போது ரெண்டு பக்கமும் ஒரே கோட்டுல வைக்காம விட்டா இப்படி ஆகும். வீல் பேரிங், ஸ்விங் ஆர்ம் புஷ், ஸ்போக்ஸ் லூசாயிருக்கலாம். இல்லாட்டி மூட்டையை எப்பவும் ஒரே பக்கம் தொங்கவிட்டு ஓட்டறீங்க. முன் டயர் அலை அலையாத் தேஞ்சிருந்தா கோன் செட்டையும் முன் ஷாக்கையும் பார்க்கச் சொல்லுங்க. இதைச் சரி பண்ணாம புது டயர் போட்டா அதுவும் அதே மாதிரிதான் போகும். ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தற கதை.

மலை ஏறினா காத்தைக் குறைக்கணுமா?

"மேல போனா காத்து விரியும், கொஞ்சம் எடுத்து விட்ருங்க"ன்னு அடிவாரத்துல ஒரு யோசனை இலவசமாக் கிடைக்கும். எடுக்காதீங்க. போடியிலேர்ந்து மெட்டுக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏறறோம். வெளியில காத்தழுத்தம் ஒண்ணரை பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறையுது, அதனால கேஜ்ல அந்த அளவு கூடத் தெரியும். ஆனா மேல குளிர். 6 - 7 டிகிரி குறைஞ்சாலே டயருக்குள்ள ஒரு பி.எஸ்.ஐ. இறங்கும். ஒண்ணை ஒண்ணு கிட்டத்தட்ட அடிச்சுடுது, மிச்சம் அரை பி.எஸ்.ஐ. சொச்சம். இதுக்காகக் காத்தை எடுத்துட்டு, திரும்பி வந்து நிரப்ப மறந்துட்டா அந்த டயரோட ஆயுசு அங்கயே குறைய ஆரம்பிக்குது.

அதே மாதிரி, ஓட்டிட்டு வந்த சூட்டோட காத்து பிடிக்காதீங்க. சூட்டுல ரெண்டு மூணு பாயின்ட் கூடத்தான் காட்டும். "கூட இருக்கே"ன்னு எடுத்து விட்டா காலையில குறைவா இருக்கும். நைட்ரஜன் பத்தியும் கேக்கறாங்க. நாம மூச்சு விடற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காசு கொடுத்துப் பிடிச்சுக்கறது உங்க இஷ்டம். எந்தக் காத்தா இருந்தாலும் பதினஞ்சு நாளைக்கு ஒருதடவை அளந்து பார்க்கறதுதான் முக்கியம்.

இறக்கத்துல வண்டியை அணைக்கற பழக்கம்

மெட்டுலேர்ந்து இறங்கும்போது என்ஜினை அணைச்சுட்டு, நியூட்ரல்ல சொய்ங்னு வர்றது இங்க ஒரு கலை. பெட்ரோல் மிச்சமாம். ஒரு லிட்டர்ல நாலுல ஒரு பங்கு கூட மிச்சம் ஆகாது. ஆனா அந்த இறக்கம் முழுக்க வண்டியைப் பிடிச்சு நிறுத்தற வேலை பிரேக் தலையில விழுது. டிரம் பிரேக் சூடேறி, பாதி வழியில பிடிப்பு குறையும். அப்ப காலால ஓங்கி மிதிப்பாங்க, பின் சக்கரம் சுத்தாம இழுபடும். இழுபட்ட இடத்துல டயர் ரம்பம் வச்ச மாதிரி தேயும். முன் பிரேக்னாலே பயம், எல்லாம் பின் காலுதான்னு ஓட்டறவங்க டயர்ல இந்தத் தட்டையை நல்லாப் பார்க்கலாம்.

ரெண்டாவது, மூணாவது கியர்ல இறங்கினா பின் சக்கரத்தை என்ஜினே ஒரே சீரா இழுத்துப் பிடிக்கும், டயரும் சீராத் தேயும். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ்.6 வண்டிகள் கிட்டத்தட்ட எல்லாமே ஃபியூயல் இன்ஜெக்ஷன். பொதுவா அந்த வண்டிகள்ல கியர்ல இருந்து ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது பெட்ரோல் போறதே நின்னுடும். நியூட்ரல்ல ஓடற என்ஜின்தான் பெட்ரோல் குடிக்கும். இதை எங்க பெரியப்பாகிட்ட நாலு தடவை சொல்லியாச்சு. "நீ கம்ப்யூட்டரைப் பாருடா"ன்னுட்டார் :-(

கீழ வெயில், மேல மழை

இப்பத்தான் நான் சொல்ல வந்த விஷயம். மேல சொன்னது எல்லாம் காசு சம்பந்தப்பட்டது. இது அப்படி இல்லை.

மொட்டை டயர் காஞ்ச ரோட்டுல நல்லாவே பிடிக்கும். பட்டன் இல்லாததால தரையில படற ரப்பர் கூட. ரேஸ் வண்டிக்காரங்க காஞ்ச டிராக்குல வழவழ டயர் போடறதைப் பார்த்திருப்பீங்க. அதனாலதான் "ஒரு வருஷமா ஓட்டறேன், ஒண்ணும் ஆகல"ன்னு சொல்றவங்க பொய் சொல்லல. பட்டனோட வேலையே வேற. டயருக்கும் தரைக்கும் நடுவுல இருக்கற தண்ணிக்கு வழி விடறதுதான் அதுக்கு வேலை. தண்ணியே இல்லாத இடத்துல பட்டன் தேவையே இல்லாத மாதிரித்தான் தெரியும்.

போடி மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழை கேரளா பக்கம் கொட்டித் தீர்க்கும்போது நமக்கு இங்க காத்து மட்டும்தான். அதே நாள், அதே வண்டி, ஒரு மணி நேரம் கழிச்சு மெட்டுல ஏறினா பனிமூட்டம், சாரல், ஈர ரோடு. பூப்பாறை பக்கம் இறங்கினா நல்ல மழை. ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவமழை வந்தா நம்ம பக்கத்துச் சரிவும் நனைஞ்சுடும். டயர் நல்லா இருக்கான்னு நாம முடிவு பண்றது போடி வெயில்ல. அந்த டயர் பரீட்சை எழுதறது மெட்டு மழையில.

ஏலக்காய் பறிப்பு எப்ப? ஆடி, ஆவணியில சூடு பிடிச்சு, ரவுண்டு ரவுண்டா தை வரைக்கும் போகும். அதாவது மழை மாசங்கள்லதான் மலைக்குப் போக்குவரத்து அதிகம். தோட்டக் கணக்குப் பார்க்கப் போறவர், ஸ்டோர்ல காய் உலர வைக்கப் போறவர், ஜீப் கிடைக்காம எக்ஸெல்ல ரெண்டு பேராப் போற வேலைக்காரங்க. இவங்க வண்டிகள்தான் பெரும்பாலும் பழசு, டயரும் பழசு.

வேகம் கம்மிதானே, முப்பதுல போனா என்ன ஆகும்னு கேக்கலாம். முப்பதுல போற வண்டிதான் ஈரமான கொண்டை ஊசியில வழுக்குது. மேல இலை, சேறு, லாரி சிந்தின டீசல், எல்லாம் தண்ணியோட சேர்ந்து சோப்பு மாதிரி ஆகியிருக்கும். ரப்பர் மெலிஞ்சு போனா மலையிலேர்ந்து விழுந்து கிடக்கற கூர்க்கல்லு டியூப் வரைக்கும் போறதும் சுலபம். டியூப் டயர்ல காத்து குபுக்குன்னு இறங்கும். வளைவுல, ஒரு பக்கம் பள்ளத்தோட இருக்கும்போது அது நடந்தா என்ன ஆகும்னு நான் எழுத வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்லுது? மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 94 படி இருசக்கர வண்டிக்குக் குறைஞ்சபட்சப் பள்ளம் 0.8 மி.மீ. கார், லாரிக்கு 1.6. டயரோட பள்ளத்துக்குள்ளயே அங்கங்க ஒரு சின்ன மேடு வச்சிருப்பாங்க. பக்கவாட்டுல அதுக்கு நேரா ஒரு முக்கோணமோ அம்புக்குறியோ இருக்கும். பட்டன் தேஞ்சு அந்த மேட்டோட சமமாயிட்டா டயர் முடிஞ்சது. பார்க்க வேண்டியது ரொம்பத் தேஞ்ச இடத்துல. ஓரத்துல 3 மி.மீ. இருக்கறதைக் காட்டி நடுவுக்கு வக்காலத்து வாங்க முடியாது. என்னைக் கேட்டா மலைக்குப் போற வண்டிக்கு 0.8 வரைக்கும் காத்திருக்கவே கூடாது. மழைக்காலம் தொடங்கும்போது பள்ளம் 2 மி.மீ.க்குக் கீழ இருந்தா அந்த டயரைச் சமவெளிக்கு வச்சுக்கலாம், மலைக்கு வேண்டாம்.

ஆறு மாசத்தோட விலை

காசுக் கணக்குக்கு வருவோம். பின் டயர் 2,000 ரூபாய், 20,000 கிலோமீட்டர் ஓடுதுன்னு வச்சுக்குவோம். கிலோமீட்டருக்கு 10 பைசா. அந்த "இன்னும் ஆறு மாசம்" ஒரு 3,000 கிலோமீட்டர்னு வைங்க. மிச்சம் 300 ரூபாய். இதுக்குத்தான் மழையில மொட்டை டயரோட 17 வளைவு.

இப்ப பெட்ரோலைப் பாருங்க. லிட்டர் நூறு ரூபாய்னு ரவுண்டா வச்சு, வண்டி 50 கொடுத்தா கிலோமீட்டருக்கு 2 ரூபாய். காத்து குறைவா இருந்து 50 கொடுத்தது 48 ஆனா, கிலோமீட்டருக்கு 8 பைசா கூடுதல் செலவு. டயரோட மொத்தச் செலவே 10 பைசாதான்! காத்து பார்க்காம ஓட்டறவர் ஏறத்தாழ இன்னொரு டயர் விலையைப் பெட்ரோல்ல ஊத்திட்டு, அப்புறம் மொட்டை டயர்ல 300 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார்.

அதே ஆள் முதல் நாள்லேர்ந்து காத்தை ஒழுங்கா வச்சு, செயினை நேரா வச்சு, இறக்கத்துல கியர்ல வந்து, 20,000 ஓட வேண்டிய டயரை 23,000 ஓட்டினார்னு வைங்க. அதே 3,000 கிலோமீட்டர் கிடைச்சாச்சு. இந்த 3,000 பட்டனோட கிடைச்ச 3,000.

குறுக்கு வழிகள் பத்தியும் ஒரு வார்த்தை. ஒரு பக்கம் தேஞ்ச டயரைக் கழட்டித் திருப்பிப் போட்டா சரியாயிடும்னு சிலர் செய்யறாங்க. டயர்ல அம்புக்குறி போட்டிருக்கறது சும்மா இல்லை. திருப்பிப் போட்டா தண்ணியை வெளிய தள்ள வேண்டிய கோடு உள்ள இழுக்கும். மொட்டை டயர்ல சூடான கத்தியால புதுசாக் கோடு வெட்டி செகண்ட் ஹேண்ட்ல விக்கறதும் நடக்குது. அது பட்டன் இல்லை, ரப்பர்ல போட்ட கீறல். ஏற்கெனவே மெலிஞ்ச டயரை இன்னும் மெலிய வைக்கறாங்க. லாரி, பஸ்ஸுக்கு ரீபட்டன் பண்றது முறையான தொழில், அதை இதோட குழப்பிக்காதீங்க. அப்புறம் தேதி. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2319னா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. தோட்டத்துலயே நிக்கற வண்டியில பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் கட்டையாயிருக்கும். அஞ்சாறு வருஷம் தாண்டினா பட்டனைப் பார்க்காதீங்க, பக்கவாட்டுல வெடிப்பைப் பாருங்க.

அப்ப யார் என்ன செய்யணும்?

ஒரு எதிர்க்கேள்வி வரும்னு தெரியும். "உனக்கென்ன, ஒண்ணாம் தேதி சம்பளம் விழுது. கூலிக்குப் போறவன் 2,000 ரூபாய்க்கு எங்க போவான்?" நியாயமான கேள்வி. தோட்டக் கூலிக்காரருக்கு ஒரு டயர்ங்கறது பல நாள் கூலி. அதனாலதான் செக்போஸ்ட்ல நிறுத்தி டயருக்கு அபராதம் போடணும்னு நான் சொல்ல மாட்டேன். அபராதம் கட்டினவர் அந்த மாசமும் டயர் வாங்க மாட்டார்.

ஆனா காத்து? பெட்ரோல் பங்க்ல காத்து இலவசமாக் கொடுக்கணும்ங்கறது எண்ணெய்க் கம்பெனிகளோட விதி. நடைமுறை என்ன? ஒரு பங்க்ல (பேர் வேண்டாம்) மெஷின் மேல எப்பவும் சாக்கு போர்த்தியிருக்கும். இன்னொண்ணுல மெஷின் ஓடும், ஆள் இருக்க மாட்டார். ஆள் இருந்தா, "எவ்வளவுண்ணே?"ன்னு கேக்காமலே எல்லாத்துக்கும் முப்பத்தஞ்சு.

என் யோசனை ரொம்பச் சின்னது. முந்தல் அடிவாரத்துல, மலை ஏறற எல்லா வண்டியும் நின்னு போற இடத்துல, சரியான கேஜோட ஒரு இலவசக் காத்து மெஷின். பக்கத்துல ஒரு போர்டு: ஒருத்தருக்கு எவ்வளவு, ரெண்டு பேருக்கு எவ்வளவு, டயர்ல அந்தச் சின்ன மேட்டை எங்க பார்க்கணும்னு ஒரு படம். ஏலக்காய் ஏலத்துல கோடிக்கணக்குல புரள்ற ஊர் இது. இந்தக் காயைப் பறிச்சுக் கொடுக்கறவங்க பத்திரமா இறங்கி வர ஒரு காத்து மெஷின் போட வியாபாரிகள் சங்கத்துக்கோ நகராட்சிக்கோ பெரிய செலவு இல்லை. தோட்டக்காரங்களுக்கும் ஒண்ணு: உங்க தோட்டத்துக்கு தினம் வண்டியில வர்ற ஆளுக்கு ஆடி மாசம் ஒரு டயர் வாங்கிக் கொடுங்க, தீபாவளி போனஸ்ல கழிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை.

இன்னொரு ஆதங்கம். ரப்பர் மரம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல. டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா டயர் தொழிற்சாலை இந்தப் பக்கம் மதுரை வெள்ளரிப்பட்டியில. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற மலையில நாம மொட்டை டயரோட ஏறி இறங்கிட்டு இருக்கோம்.

கொல்லிமலையில 70 கொண்டை ஊசி, வால்பாறையில 40. ஏற்காடு, ஊட்டி பக்கம் இருக்கற பதிவர்களும் இதைப் படிப்பீங்கன்னு தெரியும். உங்க மலை அடிவாரத்துல வேலை செய்யற காத்து மெஷின் இருக்கா? கேஜ் சரியாக் காட்டுதா? அடுத்த தடவை போகும்போது பார்த்துட்டு வந்து சொல்லுங்க மக்கா. நாலு ஊர்ல இருக்குன்னு காட்டினா, அஞ்சாவது ஊர்ல கேக்கறது சுலபம்.

பி.கு.: புது டயர் போட்டவங்க முதல் நூறு, நூத்தம்பது கிலோமீட்டர் வளைவுல சாகசம் காட்டாதீங்க. மேல்தோல் வழுவழுன்னு இருக்கும், கொஞ்சம் தேஞ்சாத்தான் பிடிக்கும். தேய வேண்டிய தேய்மானம்னா அது ஒண்ணுதான் :-)